எஞ்சினை மாற்றலாம், குணத்தை? – எம்.ஜி.பி. காரின் கதை



இது நீண்ட பதிவு. வாகனப் பிரியர்களும், கராஜ் வேலை செய்யும் தம்பிமாரும், அவர்களின் வாப்பாமாரும் கொஞ்சம் நேரமெடுத்து வாசியுங்கள்.

சென்ற மாதம் எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது கராஜில் வேலை. நல்ல கைவேலைக்காரர். அவருடைய வாப்பாவின் மொரிஸ் மைனர் பல வருடங்களாகக் கொட்டிலில் கிடக்கிறது. அதை மீண்டும் ஓடவைக்கப் போகிறாராம்.

"சேர், பெற்றோல் எஞ்சினக் கழட்டிட்டு வேன் டீசல் எஞ்சின் ஒண்டு போடப் போறன். பின்னுக்கு லீப் ரெண்டக் கழட்டிப் பதிச்சா பாக்கவும் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும். உம்மாவையும் தங்கச்சியையும் ஏத்திக்கிட்டு கண்டிக்கும் போய் வரலாம்."

கண்டி வீதியின் வளைவுகள் எமக்குக் கண்முன் வந்தன. "செய்யாதே" என்று சொன்னால் இந்த வயதில் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் ஒரு காரின் வரலாற்றைச் சொன்னோம். அதையே இங்கே ஒழுங்காக எழுதுகிறோம்.

*1. கார் பிறந்த கதை*

இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகருக்குப் பக்கத்தில் அபிங்டன் என்றொரு சிறிய ஊர். எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களின் தொழிற்சாலை 1929 முதல் அங்கேதான் இருந்தது. 1962இல் அங்கிருந்து வெளிவந்தது எம்.ஜி.பி. இரண்டு பேர் அமரும் திறந்த கார். 1965இல் கூரையுள்ள ஜி.டி. வடிவமும் வந்தது.

பணக்காரருக்காகச் செய்த கார் அல்ல இது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் சேமித்து வாங்கக்கூடிய விலையில் விற்க வேண்டும் என்பதால், ஏற்கெனவே கையிலிருந்த பாகங்களை வைத்தே பெரும்பாலும் செய்தார்கள். எஞ்சின் 1798 சி.சி., நான்கு சிலிண்டர். 'பி-சீரிஸ்' என்ற எஞ்சின் குடும்பம். நமது நாட்டில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களைத் திருத்திய பழைய பாஸ்மாருக்கு இந்தக் குடும்பம் நன்றாகத் தெரியும். அந்த வீட்டுக் கார்களில் இருந்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான்.

முன் சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு 1947இல் வந்த எம்.ஜி. வை-டைப் என்ற வீட்டுக் காரிலிருந்து வழிவழியாக வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் அலெக் இஸிகோனிஸ். அவர் யார் தெரியுமா? நமது வீதிகளில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனரை வடிவமைத்தவர். மினியும் அவருடையதுதான். எமது மாணவரின் கொட்டிலில் கிடக்கும் காருக்கும் இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது.

பின்பக்கம் லொறியில் இருப்பது போன்ற லீப் ஸ்பிரிங். அதன்மேல் ஒரே துண்டாக அமைந்த பின் அச்சு. எஞ்சினும் சாதாரணம், ஸ்பிரிங்கும் சாதாரணம். அப்படியானால் உலகம் இந்தக் காரை ஏன் விரும்பியது?

*2. குணம் எங்கே இருக்கிறது?*

வகுப்பில் நாம் செய்து காட்டும் ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. ஒரு அடிக்கோலை எடுங்கள். அதன் நடுவில் இரண்டு அழிறப்பர்களை ஒட்டி, நடுவைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். இலகுவாகத் திரும்பும். அதே அழிறப்பர்களை இரண்டு நுனிகளிலும் ஒட்டித் திருப்பிப் பாருங்கள். திருப்பவும் கஷ்டம், திரும்பியதை நிறுத்தவும் கஷ்டம். நிறை கூடவில்லை. நிறை இருக்கும் இடம் மட்டும் மாறியது.

காரும் அப்படித்தான். எம்.ஜி.பி. திறந்த காரின் மொத்த நிறை ஒரு தொன்னுக்கும் குறைவு. அதன் நிறை முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்திருந்தது. சாரதி பின் சில்லுகளுக்குச் சற்று முன்னால், நிலத்துக்கு நெருக்கமாக அமர்ந்திருப்பார். ஸ்டியரிங் 'ரெக் அன்ட் பினியன்' வகை. சில்லுக்கும் கைக்கும் இடையில் தளர்ச்சி மிகக் குறைவு. வீதியில் மணல் கிடந்தால் அது உள்ளங்கைக்குத் தெரியும்.

வளைவில் இந்தக் கார் திடீரென்று எதையும் செய்யாது. பிடி விடப் போகிறது என்றால் முதலில் கைக்குச் சொல்லும், பிறகுதான் விடும். புதிதாக ஓட்டுபவரும் பயமில்லாமல் கற்றுக்கொள்ளலாம். வேகம் பெரிதில்லை, மணிக்கு 160 கி.மீ. ஐக் கொஞ்சம் தாண்டும். ஆனால் 60இல் போனாலும் ஓட்டுகிறோம் என்ற உணர்வு இருக்கும். அந்தக் காரின் குணம் இதுதான். எந்த ஒரு பாகத்திலும் அது இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று வைத்திருந்த கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்குக் கெடாமல் அபிங்டன்காரர்கள் பல மாற்றங்களைச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1964இல் எஞ்சினின் கிரேங்க் தண்டைத் தாங்கும் பெயாரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள். 1967இல் எல்லா முன் கியர்களும் சத்தமின்றி விழும் கியர்பொக்ஸையும் இன்னும் உறுதியான பின் அச்சையும் கொடுத்தார்கள். கார் பலமானது, குணம் அப்படியே இருந்தது. ஆகவே மாற்றம் தானாகவே கெட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

*3. மூக்குக் கனத்த கார்*

அதே 1967இல்தான் முதல் பெரிய தவறும் நடந்தது. வேகமான கார் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார்கள். பெரிய ஸ்போர்ட்ஸ் காரான ஒஸ்டின்-ஹீலி 3000க்கும் வயதாகிவிட்டது. கம்பனி என்ன செய்தது? எம்.ஜி.பி.யின் உடலுக்குள் 2912 சி.சி., ஆறு சிலிண்டர் எஞ்சினைப் போட்டது. அதற்கு எம்.ஜி.சி. என்று பெயர் வைத்தது.

கடதாசியில் பார்த்தால் அருமையான யோசனை. 95 குதிரை வலு 145 ஆனது. ஆனால் அந்த எஞ்சின் இரும்பு. பழைய எஞ்சினைவிட ஏறக்குறைய 95 கிலோ கூடுதல். பெரிய ஆள் ஒருவரைப் பொனட்டுக்குள் படுக்கவைத்துக்கொண்டு போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நீளம் என்பதால் முன் சஸ்பென்ஷனின் குறுக்குச் சட்டத்துக்கு இடமில்லாமல் போனது. அதைக் கழற்றி, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி போட்டார்கள். எஞ்சின் உயரத்துக்காகப் பொனட்டில் ஒரு மேடு வந்தது. கனம் கூடியதால் ஸ்டியரிங்கை இலகுவாக்க, முன்பைவிட அதிக சுற்றுச் சுற்றும்படி மாற்றினார்கள்.

பாருங்கள், ஒன்றை மாற்றப்போய் எத்தனை மாற வேண்டியதாயிற்று!

பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். நேர் வீதியில் நன்றாகப் பாய்கிறது. வளைவில் மூக்கு நேரே போகப் பார்க்கிறது என்று எழுதினார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கார் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல டயரும் சரியான காற்றும் இருந்தால் அது நீண்ட பயணத்துக்கு நல்ல கார்தான் என்று அதை வைத்திருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்றைய இளவரசர் சார்ள்ஸ்கூட ஒன்று வைத்திருந்தார். ஆனால் எம்.ஜி.பி.யின் குணத்தைத் தேடி வந்தவருக்கு அது அங்கே கிடைக்கவில்லை. 1969இல் உற்பத்தி நின்றது. செய்தது சுமார் 9,000 கார்கள்தான்.

*4. கராஜ்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்த பாடம்*

சில வருடங்களில் கென்ட் பிரதேசத்தைச் சேர்ந்த கென் கொஸ்டெல்லோ என்பவர் அதே வேலையை வேறு விதமாகச் செய்தார். பெரிய கம்பனி முதலாளியல்ல அவர். மினி கார்களில் பந்தயம் ஓட்டியவர், கையால் வேலை செய்தவர்.

அவர் தேர்ந்தெடுத்தது ரோவர் கம்பனியின் 3528 சி.சி. வி8 எஞ்சின். எட்டு சிலிண்டர். கேட்டவுடன், "ஆறு சிலிண்டரே கனம், எட்டா?" என்றுதான் தோன்றும். ஆனால் அது அலுமினியத்தில் வார்த்தது. அமெரிக்காவின் பியூயிக் கார்களுக்காகப் பிறந்த எஞ்சின். அதன் உரிமையை ரோவர் 1960களின் நடுவில் வாங்கியிருந்தது. நிறுத்துப் பார்த்தால், எம்.ஜி.பி.யின் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட அது சற்றுக் குறைவுதான். ஆறு சிலிண்டர் போல நீளமும் இல்லை. 'வி' வடிவம் என்பதால் குட்டையாகப் பின்னுக்குத் தள்ளி உட்காரும்.

வலு பெருமளவு கூடியது, மூக்கின் கனம் கூடவில்லை. முன் சஸ்பென்ஷனைப் பிரித்து மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. கொஸ்டெல்லோவின் கார்களைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அப்போது எம்.ஜி.யை வைத்திருந்த பிரிட்டிஷ் லெய்லண்ட் கம்பனியின் காதுக்கும் செய்தி போனது. அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தார்கள். 1973 ஓகஸ்டில் கம்பனியே எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்ற காரை வெளியிட்டது. கொஸ்டெல்லோ பொனட்டில் மேடு வைத்திருந்தார். கம்பனிப் பொறியியலாளர்கள் காபரேட்டர்களைப் பின்பக்கம் நகர்த்தி, பழைய பொனட்டே மூடும்படி செய்தார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது சாதாரண எம்.ஜி.பி. போலவே தெரியும். உள்ளே 137 குதிரை வலு. மணிக்கு 200 கி.மீ. வரை போகும்.

நல்ல காருக்கு நேரம் சரியாக அமையவில்லை. வெளிவந்த சில வாரங்களில் அரபு–இஸ்ரேல் போரும் எண்ணெய் நெருக்கடியும் வந்தன. பெற்றோல் விலை ஏறியது. 1976இல் நிறுத்தியபோது செய்திருந்தது 2,591 கார்கள் மட்டுமே. ஆனால் பாடம் நின்றுவிட்டது. எத்தனை சிலிண்டர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேட்க வேண்டும்.

*5. கால் உயர்ந்த கார்*

மூன்றாவது மாற்றம் எஞ்சினில் வரவில்லை. பம்பரில் வந்தது.

எம்.ஜி.பி.யின் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே பாதுகாப்புச் சட்டங்கள் புதிதாக வந்தன. மெதுவாக மோதினால் விளக்குகள் உடையக்கூடாது, பம்பர் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும். நியாயமான சட்டங்கள்தான், நோக்கம் மனிதரைக் காப்பது. ஆனால் காரின் முன்பகுதியைப் புதிதாக வடிவமைக்கப் பணம் வேண்டும். அந்தக் கம்பனியிடம் பணமில்லை. 1975இல் அரசாங்கமே அதைப் பொறுப்பெடுக்கும் நிலைக்கு அது வந்திருந்தது. இருந்த கொஞ்சப் பணமும் வேறு கார்களுக்குப் போனது.

அதனால் குறுக்கு வழி தேடினார்கள். 1974இன் பிற்பகுதியில் மினுங்கும் குரோம் பம்பர்களைக் கழற்றி, உள்ளே இரும்பு வைத்த கறுப்புப் பம்பர்களை மாட்டினார்கள். காரின் இரண்டு நுனிகளிலும் கனம் ஏறியது. அடிக்கோலின் நுனியில் அழிறப்பர் ஒட்டிய கதைதான்! உயரம் போதாததால் முழுக் காரையும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் அளவில் தூக்கினார்கள். போதாக்குறைக்குச் செலவை மிச்சப்படுத்த, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் முன் ஸ்டெபிலைசர் பாரையும் 1975ஆம் ஆண்டுக் கார்களில் எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கலாம்!

ஓர் அங்குலம் என்றால் விரலின் ஒரு கணு. அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். கூரையில் மூட்டை ஏற்றிய பஸ் வளைவில் எப்படிச் சாயும் என்று பார்த்தவர்களுக்கு விளங்கும். நிறையின் மையம் மேலே போனால் சாய்வு கூடும். லீப் ஸ்பிரிங் காரில் இன்னொன்றும் உண்டு. உடல் சாயும்போது பின் அச்சும் தன் பாட்டில் மிகச் சிறிது திரும்பும். சாய்வு கூடக்கூட இந்தத் திரும்பலும் கூடும். முன்னால் ஸ்டியரிங் பிடிப்பவர் ஒருவர், பின்னால் தெரியாமல் ஸ்டியரிங் திருப்புபவர் இன்னொருவர் என்ற நிலை.

கைக்குச் சொல்லிவிட்டுச் செய்யும் கார், சொல்லாமல் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சினின் வலுவும் 60 சொச்சமாக விழுந்தது.

இரண்டு வருடம் முறைப்பாடு கேட்டபின், 1977ஆம் ஆண்டுக் கார்களில் முன் ஸ்டெபிலைசர் பாரைத் தடிப்பாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னுக்கும் ஒன்று போட்டார்கள். பாதிக் குணம் திரும்பியது. உயரம் அப்படியே இருந்தது.

*6. தண்டனை யாருக்கு?*

இந்த இடம்தான் எமக்கு மனதைத் தொடுவது. காரைத் தூக்கச் சொன்ன முடிவு அபிங்டனின் தொழிலாளி எடுத்ததல்ல. அந்த ஊரில் தகப்பனும் மகனும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. தங்கள் காருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

1979 செப்டெம்பரில் எம்.ஜி. அபிங்டனுக்கு வந்து 50 வருடம் பூர்த்தியானதை ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு வந்தது தொழிற்சாலையை மூடும் அறிவிப்பு. 1980 ஒக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளிவந்தது. அதுவரை செய்தவை 5 இலட்சத்துக்கும் மேல்.

மூடியதற்கு பம்பர் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பிழை. பவுண் பெறுமதி ஏறியதால் அமெரிக்காவில் விற்பது நட்டமானது, கார் பழையதாகியும் இருந்தது. ஆனால் ஒரு பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் தொலைவிலிருந்து முடிவெடுத்தால், விலையைக் கொடுப்பவர்கள் அதை ஓட்டுபவர்களும் செய்தவர்களும்தான்.

*7. திரும்பவும் பதித்தவர்கள்*

தொழிற்சாலை மூடியது, கதை மூடவில்லை. காரை வைத்திருந்தவர்கள் தங்கள் கராஜ்களில் வேலையைத் தொடங்கினார்கள். கால் உயர்ந்த கார்களைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கவனியுங்கள்: ஸ்பிரிங்கை வாளால் அறுத்து அல்ல. அறுத்தால் காரின் உயரம் குறையும், ஆனால் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் பிழைத்துப் பிடி இன்னும் மோசமாகும். பழைய காரின் குறுக்குச் சட்டத்தைத் தேடி மாட்டினார்கள், அல்லது அதற்கென்றே செய்த ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள். ஸ்டெபிலைசர் பாரைத் திருப்பிப் போட்டார்கள். முன் சஸ்பென்ஷனின் மெதுவான றப்பர் புஷ்களை எடுத்துவிட்டு, வி8 காருக்காகச் செய்த உறுதியான புஷ்களைச் சாதாரண எம்.ஜி.பி.க்கும் போட்டார்கள். இன்றுவரை அதிகம் பேர் செய்யும் மலிவான நல்ல மாற்றங்களில் ஒன்று அது. ஐந்து கியர் பொக்ஸ் போட்டவர்களும் உண்டு.

1988இல் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, புத்தம்புதிய எம்.ஜி.பி. உடல்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். துருப்பிடித்த காரைத் தூக்கியெறியத் தேவையில்லை. பாகங்களைக் கழற்றிப் புது உடலில் மாட்டலாம். அந்த உடலின் பலத்தில் ரோவர் கம்பனி 1992இல் எம்.ஜி. ஆர்.வி.8 என்ற காரையும் கொண்டுவந்தது. 3.9 லீற்றர் வி8, 190 குதிரை வலு. சுமார் 2,000 கார்களில் பெரும்பான்மை ஜப்பானுக்குப் போயின.

ஆனால் அதிலும் ஒரு பாடம். வலுவை இரட்டிப்பாக்கியவர்கள் பின்னுக்கு அதே லீப் ஸ்பிரிங்கை விட்டிருந்தார்கள். மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளுகிறது என்று ஓட்டியவர்கள் குறை சொன்னார்கள். பழையதை அப்படியே விட்டுவிட்டால் குணம் காப்பாற்றப்படும் என்பதும் தவறான நம்பிக்கைதான். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இப்போது எம்.ஜி.பி.க்கு மின்சார மோட்டார் போடுகிறார்கள். கேள்வி அதே கேள்விதான்: பெட்டரியின் கனம் எங்கே உட்காரப் போகிறது?

*8. மாணவருக்குச் சொன்னது*

கதையை முடித்துவிட்டு நாம் அவருக்கு மூன்று வேலை கொடுத்தோம். ஒன்று, எதையும் கழற்றுவதற்கு முன்னால் காரை இருக்கிறபடியே ஓடவைத்து ஒரு மாதம் ஓட்டு. அதன் குணம் கைக்குத் தெரியட்டும். இரண்டு, பழைய எஞ்சினையும் போட நினைக்கும் எஞ்சினையும் தராசில் ஏற்று. மூன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய பிறகு அதே வீதியில், அதே வளைவில் மெதுவாக ஓட்டிப் பார். பிரேக்கைப் பற்றி யோசிக்காமல் எஞ்சினைப் பற்றி யோசிக்காதே என்றும் சொன்னோம்.

சென்ற வெள்ளி மாலை கோல் எடுத்தார். பழைய இரும்புக் கடைத் தராசில் இரண்டு எஞ்சினையும் நிறுத்தாராம். "சேர், நீங்க சொன்ன ஆளு பொனட்டுக்குள்ள படுக்கிற கத சரிதான்" என்று சிரித்தார். டீசல் எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றப் போகிறாராம். லீப்பில் கைவைக்கவில்லை. கண்டிப் பயணம் ஹஜ் பெருநாளுக்குப் பிறகு. எமக்கும் ஓர் இடம் இருக்கிறதாம்.

நமது ஊர்க் கொட்டில்களில் இன்னும் எத்தனை மைனர்கள், ஒஸ்டின்கள் தூங்குகின்றனவோ! உங்கள் வாப்பாவோ அப்பாவோ ஓட்டிய கார் எது, அதில் எதை மாற்றினார்கள், மாற்றிய பிறகு அது எப்படி ஓடியது என்று கீழே எழுதுங்கள். பழைய பாஸ்மாரிடம் கேட்டும் எழுதுங்கள். அவர்கள் கையிலிருப்பதும் வரலாறுதான். அவர்களோடு போய்விடக் கூடாது.